சினைப்பைப் புற்றுநோயும் அதன் அக்கம்பக்கமும்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்குக் கட்டி சினைப்பையில்தான். ஆபரேஷனில் வயிற்றுக் கொழுப்பையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையாம். பிறகு ஏன் எடுக்க வேண்டும், டாக்டர்?

பதில்: எடுத்தது ஒமெண்டம். இரைப்பையின் அடியிலிருந்து குடலுக்கு முன்னால் முந்தானை போலத் தொங்கும் கொழுப்புத் திரை. இந்தப் புற்றுநோய் ரத்தத்தில் போவதைவிட வயிற்று நீரில் மிதந்து பரவுவதே அதிகம். சிறு உருண்டைகளாக மிதக்கும் செல்களுக்குப் பிடித்தமான இடம் ஒமெண்டம். காரணம் தீனி. கொழுப்புச் செல்கள் ஐஎல்-8 போன்ற சமிக்ஞைப் புரதங்களால் புற்றுச் செல்லை வரவழைத்து, பிறகு தங்கள் கொழுப்பு அமிலத்தையே அதற்குக் கொடுக்கின்றன என்று சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2011-இல் காட்டியது. ஸ்லைடில் பார்த்தால் கட்டியின் ஓரத்தில் உள்ள கொழுப்புச் செல்கள் சுருங்கியிருக்கும். இன்னும் உள்ளே போனால் கொழுப்பே இருக்காது, நார்த்திசுதான். அதனால்தான் முற்றிய நோயில் ஒமெண்டம் தடித்து 'கேக்' போலாகிறது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் ஒமெண்டத்திலும் மைக்ரோஸ்கோப்பில் செல்கள் அகப்படுவதுண்டு. எடுக்காமல் விட்டால் நோயின் நிலையைச் சரியாகக் கணிக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் அம்மாவுக்கு நெய், எண்ணெயை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். கட்டி எடுத்துக்கொள்வது உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொழுப்பை. பட்டினி போட்டால் இளைப்பது அம்மாதான். கீமோ காலத்தில் எடை குறையாமல் இருப்பதும் புரதம் போதுமான அளவு உள்ளே போவதும் முக்கியம்.

கேள்வி: தங்கைக்கு வயிற்றில் நீர், ரத்தப் பரிசோதனையில் சிஏ-125 அளவு 400. புற்றுநோய் உறுதிதானா?

பதில்: இல்லை. சிஏ-125 என்பது எம்யூசி16 என்ற பெரிய புரதத்தின் பகுதி. புற்றுச் செல்லின் மேல் இருக்கும் இது, வயிற்று உட்சுவரை மூடியிருக்கும் மீசோதீலியச் செல்களில் உள்ள மீசோதெலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். செல் சுவரில் ஒட்ட உதவும் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சுவரே எரிச்சலடைந்தாலும் சிஏ-125 ஏறும். வயிற்றுக் காசநோய், எண்டோமெட்ரியோசிஸ், ஈரல் சுருக்கம், எதிலும் 35 என்ற எல்லையைத் தாண்டலாம். நம் நாட்டில் காசநோயை மறந்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. நீரை எடுத்து செல் பரிசோதனையும், காசநோயில் ஏறும் ஏடிஏ என்ற நொதியின் அளவும் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): எஸ்கேஓவி3 என்ற சினைப்பைப் புற்றுச் செல்களை, 0.4 மைக்ரான் துளைச் சவ்வு நடுவில் உள்ள டிரான்ஸ்வெல் கிண்ணத்தில், கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களோடு வளர்க்கிறேன் சார். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கான எதிர்ப்பில் வித்தியாசமே வரவில்லை.

பதில்: வராததில் ஆச்சரியமில்லை. 0.4 மைக்ரான் துளையில் கரைந்த பொருள்கள்தான் போகும். செல்லைத் தொடுவதால் வரும் விளைவும் கொலாஜனால் வரும் விளைவும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்தது பிளாஸ்டிக். கடினமான தட்டில் வளர்த்தால் 'நார்மல்' ஃபைப்ரோபிளாஸ்டும் தானே கிளர்ந்துவிடும். நார்மல், கட்டியில் எடுத்தது என்று இரண்டு வகை ஃபைப்ரோபிளாஸ்டையும், கிளர்ந்த செல்லைக் காட்டும் ஆல்ஃபா எஸ்எம்ஏ புரதத்துக்குச் சாயமிட்டு ஒப்பிடுங்கள். கன்ட்ரோலிலும் பளிச்சென்று தெரிந்தால் அது கன்ட்ரோலே இல்லை. பலமுறை பிரித்து வளர்க்காமல் ஆரம்பப் பாஸேஜ்களிலேயே பயன்படுத்துங்கள். வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் 10% சீரத்தில் இருக்கும் வளர்ச்சிக் காரணிகளும் விளைவை மூடிவிடும். 1% வரை குறைத்துப் பாருங்கள். எஸ்கேஓவி3, வேகமாக வளரும் 'ஹை-கிரேடு சீரஸ்' என்ற சினைப்பைப் புற்று வகைக்கு நல்ல மாதிரி அல்ல என்று 2013-லேயே மரபணு ஒப்பீட்டில் வந்துவிட்டது. குராமோச்சி, ஓவிஎஸ்ஏஎச்ஓ என்ற செல் வகைகள் அதைவிட மேல்.

முப்பரிமாணம் போவதுதான் நல்லது: கீழே ஒமெண்டல் ஃபைப்ரோபிளாஸ்ட் கலந்த கொலாஜன்-1, அதன் மேல் மீசோதீலியம், கடைசியில் புற்றுச் செல். கொலாஜனை ஐஸ் மேலேயே கலந்து, பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்த பிறகு 37 டிகிரியில் வையுங்கள். கலக்கும்போதே சூடானால் திட்டுத் திட்டாக உறைந்துவிடும். மறுநாள் ஜெல் ஓரம் விட்டுச் சுருண்டிருந்தால் ஃபைப்ரோபிளாஸ்ட் அதிகம், பாதியாக்குங்கள். நேரடியாகக் கலந்த வளர்ப்பில், மொத்த உயிர்ச் செல்களை நிறத்தால் அளக்கும் எம்டிடி சோதனையைப் போடாதீர்கள். எந்தச் செல் உயிரோடிருக்கிறது என்று அது பிரித்துச் சொல்லாது. புற்றுச் செல்லுக்கு ஃப்ளோரசன்ட் குறி போட்டுத் தனியாக எண்ணுங்கள்.

கேள்வி: புற்றுக்கு இவ்வளவு துணைபோகும் ஃபைப்ரோபிளாஸ்டையே கொன்றுவிட்டால் என்ன?

பதில்: கணையப் புற்றில் எலிகளிடம் செய்துபார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவு: கட்டி இன்னும் மூர்க்கமானது. துணைபோகும் அதே திசு ஓரளவு வேலியாகவும் நிற்கிறது. சினைப்பையில் வேறொரு பக்கமும் உண்டு. 2003-இல் 186 பேரின் கட்டிகளைப் பார்த்ததில், டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் நுழைந்திருந்தவர்களில் 38% பேர் ஐந்தாண்டு தாண்டினார்கள், நுழையாதவர்களில் 4.5%. டி செல்கள் பல நேரம் சுற்றுத்திசுவிலேயே மாட்டிக்கொள்கின்றன. அதனால் கொல்வதைவிட அந்தத் திசுவின் குணத்தை மாற்றும் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: பெவாசிசுமாப் ஊசி மருந்து போட்டால் வயிற்று நீர் குறையுமா?

பதில்: பலருக்குக் குறையும். விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. மருந்து அதைப் பிடித்து முடக்குகிறது. காயம் ஆறவும் அதே விஇஜிஎஃப் தேவை என்பதால் பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள், சிறுநீரில் புரதமும் அவ்வப்போது பாருங்கள். திடீரென்று கடும் வயிற்று வலி வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.