கச்சானில் இலைப்புள்ளி: அளவைக் கூட்டினால் தீருமா?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் நான்கு பரப்புக் காணியில் கச்சான் (நிலக்கடலை) வைத்திருக்கிறேன். விதைத்து 50 நாளாகிறது. கீழ் இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, இலை பழுத்துக் கொட்டுகிறது. கடையில் தந்த மங்கோசெப்பை இரண்டு தடவை அடித்தும் புள்ளி மறையவில்லை. அளவைக் கூட்டி அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து கூட்டாதீர்கள். மங்கோசெப் இலையின் மேல் படலமாக நின்று, பங்கசின் (பூஞ்சணத்தின்) வித்திகள் முளைக்கும்போதே கொல்லும் மருந்து. இலைக்குள் நுழைந்துவிட்ட பங்கசை அது தொடாது. விழுந்த புள்ளியோ எந்த மருந்துக்கும் மறையாது. அதோடு, தொற்றிய இலையில் புள்ளி வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம். இன்று நீங்கள் காணும் புள்ளி மருந்து அடிப்பதற்கு முன்பே தொற்றியதாக இருக்கக்கூடும். ஆகவே புதிதாக விரிகிற மேல் இலைகளைக் கவனியுங்கள். அவை சுத்தமாக இருந்தால் மருந்து தன் வேலையைச் செய்கிறது.

ஓர் இலையைப் புரட்டியும் பாருங்கள். அடிப்பக்கத்தில் கரிபோலக் கறுத்த புள்ளிகள் இருந்தால் அது பின்பருவ இலைப்புள்ளி. மேற்பக்கத்தில் மஞ்சள் வளையம் சூழ்ந்த கபிலப் புள்ளி முன்பருவ இலைப்புள்ளி. அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் கையில் ஒட்டினால் துருநோய். மேல் இலைகளிலும் புள்ளி ஏறுகிறதென்றால், இலைக்குள் ஊடுபரவும் வகைப் பங்கசுநாசினி ஒன்றை ஒருமுறை அடியுங்கள். தெபுகொனசோல் அவ்வகையைச் சேர்ந்தது. 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் மங்கோசெப்புக்குத் திரும்பலாம். ஊடுபரவும் மருந்தையே தொடர்ந்து அடித்தால் பங்கசு அதற்குப் பழகிவிடும். எதை வாங்கினாலும் லேபலில் கச்சான் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அளவும் அதில் உள்ளபடிதான்.

என் அனுபவத்தில், பலருக்கு மருந்து பலிக்காமல் போவது அடிக்கும் விதத்தால்தான். தெளிமுனையைத் தாழ்த்திச் சாய்த்து, கீழ் இலைகளின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். காய்வதற்குள் மழை கழுவினால் அடித்தது வீண். தூவல் முறையில் நீர் இறைப்பவராயின் மாலையில் இறைக்க வேண்டாம். இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் இலைதான் இந்தப் பங்கசுக்கு வேண்டியது.

அடுத்த தடவை விதைத்து 30 முதல் 35 நாளில், முதல் புள்ளியோடு மருந்தடிக்கத் தொடங்குங்கள். கொட்டிய இலையிலும் தானாக முளைக்கும் கச்சானிலும் இந்நோய் தங்கியிருக்கும் என்பதால், அதே காணியில் உடனே மறுபடி கச்சான் வேண்டாம். குரக்கனோ வெங்காயமோ வையுங்கள்.

மருந்துத் தாங்கியைக் கிணற்றடியில் கழுவவே கழுவாதீர்கள். நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது எளிதில் நிலத்தடி நீரில் கலந்துவிடும்; அதைத்தான் நாமும் அயலவரும் குடிக்கிறோம். மருந்து அடித்த கொடியை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடக்கூடாது. அறுவடைக்கு முன் எத்தனை நாள் மருந்தை நிறுத்த வேண்டும் என்பதும் லேபலில் இருக்கும்.

செடி முழுவதுமாக வாடி, அடித்தண்டில் வெண்ணூலும் கடுகுபோன்ற மணிகளும் தெரிந்தால் அது அடியழுகல். இலைக்கு அடிக்கும் மருந்து அதற்கு உதவாது. அப்படியான செடியை வேரோடு பிடுங்கிப் பொலித்தீன் பையில் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.