கையுறைக்கு ஏற்ற திரை எது? – வாசகர் கேள்வி பதில்

மாத்திரை, கேப்ஸ்யூல் ஆலைகளில் பயன்படும் எலக்ட்ரானிக் பேட்ச் ரெக்கார்டு (ஒவ்வொரு தொகுதி மருந்தும் எப்படித் தயாரானது என்று கணினியில் பதியும்) மென்பொருளின் திரை வடிவமைப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

காகித பி.எம்.ஆரை (பேட்ச் தயாரிப்புப் பதிவேடு) விட்டு எலக்ட்ரானிக் பதிவுக்கு மாறிவிட்டோம். ஆனால் ஆபரேட்டர்கள் அளவுகளைத் துண்டுச் சீட்டில் குறித்துவைத்து, ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக ஏற்றுகிறார்கள். மெமோ கொடுத்தும் நிற்கவில்லையே?
– உற்பத்தி மேலாளர், ஆலத்தூர்

மெமோவால் நிற்காது. வேலை நடக்கும் இடத்தில் திரை கைக்கு வராததால்தான் சீட்டு பிறக்கிறது. வேலை நடக்கும்போதே பதிவு செய்யவேண்டும் என்கிறது அமெரிக்க விதி 21 சி.எஃப்.ஆர். 211.100. அப்படிப் பார்த்தால் முதலில் எழுதிய அந்தச் சீட்டுதான் மூலப் பதிவு. அதைக் கசக்கிப் போடுவது மூலப் பதிவை அழிப்பதற்குச் சமம். இன்ஸ்பெக்டர் குப்பைத் தொட்டியைப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

கிரானுலேஷன் (மருந்துப் பொடியைக் குருணையாக்கும்) அறைக்குள் போய்ப் பாருங்கள். ஆர்.எம்.ஜி.யில் (குருணையாக்கும் கலவை மெஷின்) பைண்டர் என்ற ஒட்டும் கரைசலை ஊற்றிக்கொண்டே இம்பெல்லர் (கலக்கும் இறக்கை) ஆம்பியரைக் கவனிக்கிறார் ஆபரேட்டர். திரையோ கதவருகே இருக்கிறது. அங்கே போய், இரட்டைக் கையுறையோடு பாஸ்வேர்டு அடித்து, பட்டியலில் படியைத் தேடி, ஆம்பியரை உள்ளிடுவதற்குள் மாவின் பதம் தாண்டிவிடும். அதனால் அவர் சீட்டில் குறிக்கிறார்.

முதலில் திரையை மெஷின் பேனலுக்குப் பக்கத்தில், நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் மாட்டுங்கள். பொத்தான்கள் குறைந்தது 18 முதல் 20 மில்லிமீட்டர் அகலமும், நடுவில் 5 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்டிருக்கட்டும். ஈரக் கையுறையில் சரியாக வேலை செய்யாத தொடுதிரைகள் உண்டு. அதனால் வாங்கும் முன் உங்கள் ஆலையின் கையுறையையே போட்டுச் சோதியுங்கள். எண் உள்ளிடும் கட்டத்தைத் தொட்டால் எண் பலகை மட்டும் திறக்கவேண்டும், முழு விசைப்பலகை வேண்டாம்.

அடுத்தது பாஸ்வேர்டு. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்பதுதான் சட்டம் என்று பல மென்பொருள் நிறுவனங்கள் சொல்கின்றன. பார்ட் 11 (எலக்ட்ரானிக் பதிவு, கையெழுத்து பற்றிய அமெரிக்க விதி) அப்படிச் சொல்லவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட ஒரே தொடர் அமர்வில் முதல் கையெழுத்துக்கு இரண்டும் வேண்டும். அதே அமர்வில் அடுத்தடுத்த கையெழுத்துகளுக்கு, அந்த ஆள் மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஒரு கூறு (பாஸ்வேர்டு போன்றது) போதும் (11.200). அறையை விட்டுப் போய்த் திரும்பினால் மறுபடி இரண்டும். இந்த ஒரு மாற்றமே ஒரு ஷிஃப்டில் தட்டச்சைப் பெருமளவு குறைக்கும்.

இன்னொன்று: பத்து கட்டங்களையும் நிரப்பிக் கடைசியில் ‘சேமி’ அழுத்தும் பக்கங்களைக் கலைத்துவிடுங்கள். ஒரு படிக்கு ஒரு திரை, ஒவ்வொரு பதிவும் உள்ளிட்டவுடன் நிரந்தரமாகச் சேமிக்கப்படவேண்டும். நிரந்தரப் பதிவு உருவாகாமலே மாற்றக்கூடிய வகையில் தரவை வைத்திருப்பதை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் 2018 டேட்டா இன்டெக்ரிட்டி வழிகாட்டி ஏற்பதில்லை.

டிஸ்பென்சிங்கில் (பொருட்களை எடைபோட்டுப் பிரித்துக் கொடுக்கும் இடம்) எடை சரியாக இருந்தும் மென்பொருள் ‘வரம்பு மீறல்’ என்கிறது. சில சமயம் கணக்கே புரிவதில்லை.
– கிடங்கு அலுவலர், புதுச்சேரி

பெரும்பாலும் ரவுண்டிங் கோளாறு. இலக்கு 12.500 கிலோ, அனுமதி ±0.5% என்று வைப்போம். வரம்பு 12.4375 முதல் 12.5625 வரை. மென்பொருள் இதை மூன்று தசமத்துக்கு ரவுண்டு செய்து 12.563 என்று காட்டினால், அந்த எண்ணே வரம்புக்கு வெளியே போய்விட்டது. உங்கள் தராசின் குறைந்த அளவு 5 கிராம் என்றால் 12.563 அதில் வரவும் வராது. திரை காட்டவேண்டியது 12.440 – 12.560. அதாவது, தராசு காட்டக்கூடிய எண்களில் வரம்புக்குள் அடங்கும் முதல் எண்ணும் கடைசி எண்ணும். மேல்வரம்பைக் கீழ்நோக்கியும், கீழ்வரம்பை மேல்நோக்கியும் ரவுண்டு செய்ய மாஸ்டர் ரெசிபியிலேயே (மென்பொருளில் உள்ள மூலச் செய்முறை) விதி எழுதச் சொல்லுங்கள்.

அஸே (மருந்தின் தூய்மை அளவு), ஈரப்பதம் ஆகியவற்றுக்கான எடைத் திருத்தத்திலும் விடையை மட்டும் காட்டக்கூடாது. மருந்துப்பொருள் 50.000 கிலோ, உலர்நிலை அஸே 99.2%, எல்.ஓ.டி. (உலர்த்தும்போது இழக்கும் எடை) 0.8%, அதாவது உலர்ந்த பங்கு 99.2% என்றால் 50 × (100 ÷ 99.2) × (100 ÷ 99.2) = 50.810 கிலோ. இந்த வரி முழுவதும் திரையில் இருக்கவேண்டும். மொத்த எடை மாறாமலிருக்க நிரப்புப் பொருளான லாக்டோஸில் குறைக்கும் 0.810 கிலோவும் அதன் கீழேயே தெரியவேண்டும். ‘50.810’ என்று மட்டும் பார்ப்பவருக்குச் சரிபார்க்க எதுவும் இல்லை, கையெழுத்துப் போட மட்டுமே முடியும்.

‘உறுதியாகத் தொடரவா?’ என்று ஒவ்வொரு படியிலும் கேட்கிறது. யாரும் படிப்பதில்லை, ‘ஆம்’ அழுத்திப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.
– ஐ.டி. பொறியாளர், ஓசூர்

வழக்கமான படிகளிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். வரம்பு மீறும்போதும், திரும்பப் பெறமுடியாத செயலிலும் மட்டும் நிறுத்துங்கள். நிறுத்தினால் காரணம் சொல்லுங்கள். ‘பிழை 4012’ என்பதைவிட ‘இன்லெட் வெப்பநிலை 68°, வரம்பு 55–65°. ஃபீடை நிறுத்தி சூப்பர்வைசரை அழைக்கவும்’ என்பதே உதவும். சிவப்பு, பச்சையை மட்டும் நம்பவேண்டாம். ஒளியால் சிதையும் மருந்துகளுக்காக மஞ்சள் விளக்கு போட்ட அறையில் நிறங்கள் குழம்பும், நிறக்குருடு உள்ளவர்களும் இருப்பார்கள். நிறத்தோடு சொல்லும் குறியீடும் இருக்கட்டும்.

‘செய்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என எல்லாப் படிக்கும் இரண்டு கையெழுத்து கேட்கிறோம். சரிபார்ப்பவர் மதியம் வந்து முப்பது படிக்கு ஒரே மூச்சில் போடுகிறார்.
– க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு), செங்கல்பட்டு

அவரைத் திட்டுவதற்கு முன் அந்த முப்பதில் எத்தனைக்கு உண்மையில் இரண்டாம் ஆள் வேண்டும் என்று பாருங்கள். அமெரிக்க விதி 211.188 கேட்பது முக்கியமான படிகளுக்குத்தான். 211.68க்கு உட்பட்ட தானியங்கிக் கருவி எடை போட்டால் ஓர் ஆள் உறுதிசெய்தாலே போதும் என்று 211.101இல் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. பார்கோடும் தராசு இணைப்பும் இருந்தால் இதை வேலிடேஷனோடு (சரியாக இயங்குவதை நிரூபிக்கும் சோதனை) பயன்படுத்தலாம்.

மீதமுள்ள படிகளில், இரண்டாமவர் கையெழுத்து விழாமல் அடுத்த படி திறக்கக்கூடாது. அவர் முன்னால் இருக்கும் எண்ணைப் பார்த்து ‘சரி’ அழுத்துவதற்குப் பதில், தானே அளவைப் பார்த்து உள்ளிடட்டும். ஸீவ் மெஷ் எண் (சல்லடைக் கண் அளவு), டூலிங் அளவு (மாத்திரை அச்சின் அளவு) போன்றவற்றுக்கு இது மிகவும் பொருந்தும்.

திருத்தக் காரணத்தில் எல்லாரும் ‘தட்டச்சுப் பிழை’ என்றே தேர்ந்தெடுக்கிறார்கள்.
– க்யூ.ஏ., மதுரை

பட்டியலில் அது முதலில் இருக்கும், அல்லது முன்தேர்வாகவே இருக்கும். முன்தேர்வை நீக்குங்கள். எண் மாற்றத்துக்குக் காரணத்தோடு ஆதாரமும் கேளுங்கள்: எந்த பிரிண்ட்டவுட், எந்தக் கருவி. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது, ஏன் ஆகிய ஐந்தும் ஒரே வரியில், அந்தப் படியின் பக்கத்திலேயே தெரியட்டும். ஆடிட் ட்ரெயில் (மாற்றங்களின் தானியங்கிப் பதிவு) தனி மெனுவில் மூன்றாம் அடுக்கில் ஒளிந்திருந்தால் ரிவ்யூ செய்பவர் திறக்கமாட்டார்.

திரையைத் தமிழில் வைக்கலாமா?
– பயிற்சி அலுவலர், காஞ்சிபுரம்

தாராளமாக. படி அறிவுரை தமிழிலும், கீழே சிறிய எழுத்தில் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். சிஃப்டர், ஹாப்பர், பஞ்ச் என்று ஷாப் ஃப்ளோரில் சொல்வதையே போடுங்கள். அகராதிச் சொல்லைத் திணித்தால் ஆபரேட்டர் ஆங்கில வரிக்கே போய்விடுவார். இரண்டு மொழியும் ஒரே மாஸ்டர் எண்ணின் கீழ், ஒரே சேஞ்ச் கன்ட்ரோலில் (மாற்றத்துக்கான முறையான ஒப்புதல்) மாறவேண்டும். தமிழ் வாசகம் நீளும் என்பதால் பொத்தானில் எழுத்து வெட்டுப்படுகிறதா பாருங்கள். பி.டி.எஃப். ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி அச்சாவது உண்டு. தேதியில் 03/04 குழப்பம் வராமல் 03-ஏப்-2025 என்று மாதத்தை எழுத்தில் காட்டுங்கள்.

திரை மேம்பட்டதா என்று எப்படி அளப்பது? கருத்துக்கணிப்பு நடத்தலாமா?
– திட்ட மேலாளர், ஹைதராபாத்

கருத்துக்கணிப்பில் எல்லாரும் ‘நன்று’ என்பார்கள். கருவியின் நேரத்தையும் பதிவின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். தராசு பிரிண்ட்டில் 10:42, ஆடிட் ட்ரெயிலில் 13:15 என்றால் நடுவில் ஒரு சீட்டு இருந்திருக்கிறது. படிவாரியாக இந்த இடைவெளியை எடுத்தால் எந்தத் திரை மோசம் என்று உடனே தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள்.

மாற்றத்தை யு.ஆர்.எஸ். (மென்பொருளிடம் எதிர்பார்க்கும் தேவைகளின் ஆவணம்) கையெழுத்தாகும் முன்பே காகித மாதிரியில், கவுனும் கையுறையும் போட்ட ஐந்தாறு ஆபரேட்டர்களிடம், இரவு ஷிஃப்ட்காரர்களையும் சேர்த்து, சோதியுங்கள். வேலிடேஷனுக்குப் பிறகு ஒரு பொத்தானை நகர்த்தினாலும் சேஞ்ச் கன்ட்ரோலும் மறுசோதனையும் வந்துவிடும். ஒப்பீட்டைத் தொடங்கும் முன் தராசு, பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கணினி), சர்வர் எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேர சர்வரோடு இணைந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.