பாஸ்பேட் பற்றிக் கேட்டீர்கள்

கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாஸ்பரஸ் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். (பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு சேர்ந்த வடிவம்தான் பாஸ்பேட்.) வயலிலிருந்து பேட்டரிக் கடை வரைக்கும் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

பிளஸ் டூ மாணவி: சார், டிஎன்ஏவிலும் பாஸ்பேட், ஏடிபியிலும் பாஸ்பேட், செல் சவ்விலும் பாஸ்பேட். உயிருக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா?

மிக நல்ல கேள்வி அம்மா. (ஏடிபி என்பது செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு.) ஹார்வர்டில் இருந்த பிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987ல் இதே கேள்விக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன காரணம் இன்றும் நிற்கிறது.

பாஸ்பாரிக் அமிலத்தில் கழன்றுபோகக்கூடிய ஹைட்ரஜன் மூன்று உண்டு. டிஎன்ஏ இழையில் இரண்டு இடங்கள் இந்தப் பக்கத்துச் சர்க்கரையையும் அந்தப் பக்கத்துச் சர்க்கரையையும் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாவது இடம் எதிர்மின் சுமையோடு சும்மா நிற்கிறது. அந்தச் சுமைதான் விஷயமே. பிணைப்பை அறுக்க வரும் ஹைட்ராக்சைடும் எதிர்மின் சுமை உள்ளது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அதனால் நொதி எதுவும் தொடாமல் வெறும் தண்ணீரில் இருந்தால், இந்த வகைப் பிணைப்புகளில் பாதி அறுபடவே ஏறத்தாழ 3 கோடி ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நொதி வந்தால் கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும். தானாக உடையாது, வேண்டும்போது உடைக்கலாம். உயிருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கொழுப்பால் ஆன சவ்வை மின்சுமை உள்ள மூலக்கூறு எளிதில் தாண்டாது. குளுக்கோஸ் செல்லுக்குள் வந்ததும் முதல் வேலையாக அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது செல். அப்புறம் அது வெளியே போக முடியாது.

அதே மாணவி: தனிம அட்டவணையில் பாஸ்பரஸுக்குக் கீழே இருக்கிற ஆர்சனிக் அந்த வேலையைச் செய்யாதா?

வடிவத்தில் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஆர்சனேட் பிணைப்பு தண்ணீரில் சீக்கிரமே உடைந்துவிடும். கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஒரு பாக்டீரியா டிஎன்ஏவில் ஆர்சனிக்கை வைத்துக்கொள்கிறது என்று 2010ல் பெரிய பரபரப்பு எழுந்தது. 2012ல் மற்ற ஆய்வகங்கள் சோதித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. ஆர்சனிக் நிறைந்த நீரிலும் அந்தப் பாக்டீரியா பாஸ்பேட்டைத்தான் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

நர்சிங் மாணவர்: ஏடிபி நம் உடம்பில் மொத்தம் எவ்வளவு இருக்கும்?

ஒரு நேரத்தில் பார்த்தால் சில பத்து கிராம்தான், தம்பி. ஆனால் ஒரு நாளில் நீங்கள் செலவழிப்பது கிட்டத்தட்ட உங்கள் உடல் எடை அளவுக்கு. ஒவ்வொரு மூலக்கூறும் நாள் முழுக்க உடைந்து, திரும்பச் சேர்ந்து, மறுபடி உடைகிறது.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. எல்லாப்பிரகடா சுப்பாராவ், 1895ல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்கா போய் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளக்கும் முறையை 1925ல் வெளியிட்டார். மாலிப்டேட் உப்பும் ஒரு ஒடுக்கும் பொருளும் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவைச் சொல்லலாம். அந்தக் கருவி கைக்கு வந்ததால்தான் தசையில் ஆற்றலைச் சேமிக்கும் பாஸ்போகிரியேட்டினையும், 1929ல் ஏடிபியையும் அவர்களால் பிடிக்க முடிந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைக் கண்டுபிடித்தார். நம் பாடப் புத்தகங்களில் சுப்பாராவுக்கு ஒரு பக்கமாவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மதுரையிலிருந்து: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. பாஸ்பரஸ் கூடிவிட்டது, குறைக்கணும் என்கிறார்கள். பருப்பையே நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதமும் வேண்டும். டாக்டரிடமும் உணவு ஆலோசகரிடமும் கேட்டே செய்யுங்கள். பின்னணியை மட்டும் நான் சொல்கிறேன்.

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது, 85% எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்து. மிச்சமாகும் பாஸ்பேட்டை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது நின்றுபோனால் இரத்தத்தில் பாஸ்பேட் ஏறும், எலும்பு பலவீனமாகும், இரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படியும்.

பருப்பிலும் தானியத்திலும் பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி நம் குடலில் போதிய அளவு இல்லை, அதனால் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும். பாக்கெட் உணவிலும் கோலா பானத்திலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு அப்படியில்லை. பெரும்பாலும் அப்படியே இரத்தத்துக்குப் போய்விடும். என்னைக் கேட்டால் முதலில் கைவைக்க வேண்டியது அங்கேதான். பாக்கெட்டின் பின்பக்கம் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை எண்கள் இருந்தால் அவை பாஸ்பேட்டுகள். பாஸ்பரஸைக் குறைக்க மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். அது குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கிற மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

மன்னார்குடி விவசாயி: ஐயா, வருசா வருசம் டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் போடுகிறேன். மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைய இருக்கு என்று வருகிறது. பயிருக்கு எட்டவில்லையா?

இருப்பதும் எட்டுவதும் வேறு வேறு ஐயா. களர்த் தன்மையோ சுண்ணாம்போ உள்ள மண்ணில் கால்சியம் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அந்தப் பயிருக்கே கிடைக்கும். மிச்சம் மண்ணிலேயே தங்குகிறது. உங்கள் பரிசோதனை முடிவு காட்டுவது இதைத்தான்.

யூரியா தண்ணீரோடு ஓடும். பாஸ்பேட் விழுந்த இடத்தை விட்டு அதிகம் நகராது, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதனால் அடியுரமாகப் போடுவதே சரி. வளர்ந்த பயிரின் மேல் தூவுவதில் பெரிய பலன் இல்லை. பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டைத் தொழுவுரத்தில் கலந்து போடுங்கள். அது விடும் கரிம அமிலம் மண்ணில் முடங்கிக் கிடப்பதில் கொஞ்சத்தைக் கரைக்கும். நெல் தரிசில் உளுந்து போட்டால், பூக்கத் தொடங்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் 2% டிஏபி கரைசல் தெளியுங்கள். முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். இலை வழியாகப் போவதால் மண் குறுக்கே வராது.

சோதனை 'அதிகம்' என்று காட்டும்போது டிஏபியைக் குறைக்கத் தயங்காதீர்கள். மூட்டைக்குக் கொடுக்கிற காசு மண்ணில் முடங்குகிறது.

வவுனியாவிலிருந்து: பொஸ்பேட் பாறை முடிந்துபோய்விடும் என்கிறார்களே, உண்மையா?

நாளைக்கே முடியாது. ஆனால் உலகில் அறியப்பட்ட இருப்பில் மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. பெட்ரோலுக்கு மாற்று உண்டு, பாஸ்பரஸுக்கு இல்லை என்பதால் இது கவலைக்குரியதுதான். உங்கள் நாட்டிலேயே அனுராதபுரம் பக்கத்தில் எப்பாவலவில் அப்படைட் என்ற பாஸ்பேட் பாறை இருக்கிறது, 1971ல் கண்டறிந்தது. வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து பெரிய அளவில் வெட்டும் திட்டத்தை எதிர்த்து ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2000ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பாறை மெதுவாகக் கரையும். அதனால் அமில மண்ணில் வளரும் தேயிலை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குப் பொருந்துகிறது.

பேட்டரிக் கடைக்காரர்: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி தீப்பிடிக்காது என்று சொல்லி விற்கலாமா சார்?

பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு என்று தாராளமாகச் சொல்லலாம். நிக்கல், கோபால்ட் ஆக்சைடு வகைகள் சூடேறினால் ஆக்சிஜனை விடும், அது தீக்குத் துணைபோகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருக்கிறது, சூட்டிலும் எளிதில் விடாது. 1997ல் டெக்சாஸில் ஜான் குட்எனஃப் குழு இதை வெளியிட்டது. அதற்கு முன் 1980களில் சல்பேட், மாலிப்டேட் போன்ற அயனிக் கூட்டங்களை வைத்து அந்த வழியைத் திறந்தவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆறுமுகம் மந்திரமும் ஒருவர். 2019ல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் உரையாற்றியவரும் இவரே. எடைக்கு எடை பார்த்தால் எல்எஃப்பியில் சேமிப்பு குறைவு, அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாத்தூரிலிருந்து: தீக்குச்சி மருந்தில் பாஸ்பரஸ் இருக்கிறதா?

குச்சியில் இல்லை, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது, சிவப்புப் பாஸ்பரஸ். குச்சியில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். 19ஆம் நூற்றாண்டில் குச்சியிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். அதன் ஆவியில் வேலைசெய்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தாடை எலும்பே அழுகியது. 1906ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்ட பிறகே அது படிப்படியாக நின்றது.

மன்னார்குடி விவசாயி மறுபடியும்: ஜிங்க் சல்பேட்டையும் டிஏபியையும் சேர்த்தே போட்டுவிடலாமா ஐயா?

வேண்டாம். இரண்டும் சேர்ந்து கரையாத துத்தநாக பாஸ்பேட் ஆகிவிடும், பயிருக்கு இரண்டுமே குறையும். ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள்.