பள்ளிக்கூடக் கட்டடத்தில எதைத் திறந்து விடலாம், எதை மறைக்கோணும்: கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் பள்ளிக்கூடங்களுக்கு பிளான் கீறுற ஆள் நான். கேட்ட ஆக்களுக்கெல்லாம் தனித்தனியா எழுத நேரமில்லை, சேர்த்து இஞ்ச எழுதுறன்.

ஒட்டுசுட்டான் பக்கத்து ரீச்சர்: எங்கட ஹோல் நூறடி நீளம், அரைச்சுவர், உள்ளுக்க நாலு வகுப்பு, நடுவில பிளைவூட் தட்டி. பக்கத்து வகுப்பில வாய்ப்பாடு சொன்னா என்ர பிள்ளையளும் சேர்ந்து சொல்லுதுகள். என்ன செய்யலாம்?

ரீச்சர், உங்கட தட்டி ஆறடி தானே இருக்கும்? சத்தம் அதுக்கு மேலால ஏறி கூரைச் சீற்றில பட்டு அங்கால இறங்குது, அப்ப தட்டியைத் தடிப்பாக்கி பிரயோசனமில்லை, தட்டியைக் கூரை வரைக்கும் உயத்தோணும். மூண்டு தட்டியையும் செய்யக் காசு காணாட்டி நடுத்தட்டியை மட்டுமாவது எடுத்துப்போட்டு கல்லால முகடு வரைக்கும் சுவர் கட்டுங்கோ, சின்ன வகுப்புகளை ஒரு பக்கமும் பெரிய வகுப்புகளை மற்றப் பக்கமும் விடுங்கோ. வகுப்பு நடக்கேக்க வெளிச்சத்தம் 35 டெசிபலுக்கு மேல போகக்கூடாது, எதிரொலி 0.6 செக்கனுக்குள்ள அடங்கோணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் 1999இலயே சொல்லியிருக்கு. சீமெந்து நிலம், வெறுஞ்சுவர், சீற், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கிற சாமான். பின்சுவரில சொவ்ற்போட் (ஊசி குத்தக்கூடிய மெத்தெண்ட பலகை) அடிச்சு பிள்ளையளின்ர வேலையளைக் குத்தி விட்டாலே வித்தியாசம் தெரியும். மாரிக்கு தகரத்தில மழை விழேக்க ரீச்சர்மார் தொண்டை கிழியக் கத்துறதைப் பாத்து எனக்கு மனம் நொந்திருக்கு, ஓடு போட ஏலுமெண்டா ஓடு போடுங்கோ.

புதுக்குடியிருப்பு, பழைய மாணவர்: அண்ணை, சங்கத்தில காசு சேருது. வெளிநாட்டுப் படங்களைக் காட்டி, சுவரே இல்லாம ஒரே திறந்த மண்டபமாக் கட்டுவம் எண்டு சிலர் நிக்கினம். சரிவருமோ?

தம்பி, நான் ஒருக்கா அப்பிடிக் கீறி பிழைவிட்டனான், ஒரு வருசத்துக்குள்ள அந்த ரீச்சர்மார் அலுமாரியளை இழுத்து வைச்சு தாங்களே சுவர் கட்டிப்போட்டினம். அமெரிக்காவிலயும் 1960, 70களில சுவரில்லாத பள்ளிக்கூடங்கள் கட்டி, பிறகு சத்தம் தாங்கேலாம கனக்க இடங்களில மறைச்சவை. அதுக்காக பழையபடி பெட்டி பெட்டியாக் கட்டச் சொல்லேல்லை. நெதர்லாந்தில டெல்ஃப்ற் நகரத்தில ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960களில ஒரு மொண்டிசோரிப் பள்ளிக்கூடம் கட்டினவர், வகுப்பறை சதுரமில்லை, ட எழுத்து மாதிரி மடிஞ்சிருக்கும், அதால ஒரே அறைக்குள்ள சத்தமா வேலை செய்ய ஒரு பக்கம், அமைதியா இருக்க ஒரு மூலை. வெளியில எல்லா வகுப்புக்கும் பொதுவா ஒரு கூடம், நடுவில பிள்ளையள் ஏறிக் குந்த ஒரு கல்மேடை. இஞ்ச இலங்கையில, ஹங்வெல்லையில கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நல்லாயன் கன்னியருக்குக் கட்டின பண்ணைப் பள்ளியையும் பாருங்கோ. எங்கட வீடுகளிலயும் திண்ணை, விறாந்தை, முத்தம், பிறகுதானே உள்ளறை? தெருவில நிக்கிற ஆள் நேர அறைக்குள்ள வாறேல்லை. பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் படிமுறைதான் வேணும். ஆறடி விறாந்தையை எட்டடியாக்கி, தூணுக்குத் தூண் குந்து கட்டி விடுங்கோ, நாலு பிள்ளையள் இருந்து கதைக்க ஒரு இடம் வந்திடும்.

முல்லைத்தீவு, ஆலோசனை ரீச்சர்: பிள்ளையளோட தனியக் கதைக்க அறையில்லை. அதிபரின்ர அறைக்குப் பக்கத்தில தாறம் எண்டினம். எடுக்கலாமோ சேர்?

அதிபரின்ர அறைக்குப் பக்கத்தில வேண்டாம் ரீச்சர். அங்க போற பிள்ளையை முழுப் பள்ளிக்கூடமும் பாக்கும், “என்ன செய்தவள்” எண்டு கேக்கும். நூலகத்துக்குப் பக்கத்தில எடுங்கோ, புத்தகம் எடுக்கப் போன மாதிரிப் போயிட்டு வரலாம். எங்கட பக்கம் தகப்பனையோ தமையனையோ இழந்த வீடுகள் எவ்வளவு, அந்தப் பிள்ளை வாய் திறக்க இடம் வேணும். ஆனா நாலு பக்கமும் அடைச்சுப் பூட்டுற அறையாவும் இருக்கக்கூடாது, பிள்ளையின்ர பாதுகாப்புக்கும் உங்கட பாதுகாப்புக்கும். சுவர் கூரை வரைக்கும் போகட்டும், கதவு இடைவெளியில்லாமப் பொருந்தட்டும், கதவில நெஞ்சுயரத்துக்கு மேல ஒரு கண்ணாடி போடுங்கோ. ஆள் இருக்கிறது தெரியும், கதை கேக்காது. பிள்ளையின்ர கதிரையை கண்ணாடிக்கு முதுகு காட்டிப் போடுங்கோ, அழுதா முகம் வெளியில தெரியக்கூடாது.

மாங்குளம், ஒரு அம்மா: பொம்பிளைப் பிள்ளையளின்ர ரொய்லட் மைதானத்தைப் பாத்தபடி கிடக்கு. மகள் தண்ணியே குடிக்கிறாளில்லை.

அக்கா, உடன திருத்தவேண்டிய விசயம் இது. வாசலுக்கு முன்னால ஆறடிக்கு ஒரு மறைப்புச் சுவர், ஒருக்காத் திரும்பித்தான் உள்ள போகலாம் எண்ட மாதிரி. உள்ளுக்க கொழுக்கி, தண்ணி, மூடி போட்ட வாளி. போற பாதை மட்டும் ரீச்சர்மாரின்ர கண்ணில படட்டும். அடுத்த கூட்டத்தில முதல் ஆளா எழும்பிக் கேளுங்கோ.

வவுனியா வடக்கு, அதிபர்: புதுக்கட்டடம் எந்தத் திசை பாக்கோணும்?

சேர், நீளப்பக்கம் ரெண்டும் வடக்கும் தெற்கும் பாக்கட்டும், காலை மாலை வெயில் குறுகின பக்கத்தில மட்டும் விழும். வாடையோட வாற மழை வடகிழக்கால அடிக்கும், அந்தப் பக்கம் தாழ்வாரத்தை நல்லா இறக்குங்கோ. சோளகம் தெற்குப் பக்கத்தால உள்ள வரட்டும், புழுதிக்கு வேலியோரம் வேம்பு நடுங்கோ. நிக்கிற பாலை மரத்தைத் தறிக்காதேங்கோ. பிளானுக்கு முதல் ஒருநாள் இடைவேளை நேரம் போய் நிண்டு, பிள்ளையள் எங்க கூடி விளையாடுதுகள், தனிய இருக்கிற பிள்ளை எங்க போய்க் குந்துது எண்டு ஒரு கடதாசியில குறிச்சு எனக்கு அனுப்புங்கோ, அதை வைச்சுக்கொண்டு கீறித் தாறன்.