பாட்டிக்கு முழங்கால் வலி, பேரனுக்குக் கால் நிற்காது: கெப்போங் பக்கம் எந்தப் பூங்கா?

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அண்மையில் கெப்போங், டேசா அமான் புரிக்குக் குடிவந்திருக்கிறோம். இடம் அமைதியாக இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குப் பொழுது போகவில்லை. அவருக்கு வயது 72. முழங்கால் வலி, இனிப்புநீர் இரண்டும் உண்டு. என் மகனுக்கு ஏழு வயது, ஓரிடத்தில் நிற்க மாட்டான். கணவர் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். நான்தான் காரோட்ட வேண்டும். இருவரையும் ஒன்றாக அழைத்துப் போகத் தகுந்த பூங்கா எது? பெரிய பூங்காவாகப் பார்த்துப் போவதுதான் நல்லதா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய பூங்காவைத் தேடாதீர்கள். நீங்கள் போகும் நேரத்தில் நிழல் இருக்கிற பூங்காவைத் தேடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பூங்காக்களை அமைக்கும் நிலவனப்புத் துறையில் வேலை செய்கிறேன். வரைபடத்தில் அழகாக இருந்த எத்தனையோ பூங்காக்களில் மாலை நான்கு மணிக்கு ஈ, காக்கை கூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகாலை ஒட்டித்தான். காலை ஏழு மணிக்கு இன்னும் அரையிருட்டு. மாலை ஐந்து மணி வெயிலோ முதுகைச் சுடும். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் 'ஐந்து மணிதான் ஆகிவிட்டதே, கிளம்பலாம்' என்று அவசரப்படுத்துவார்கள். கேட்காதீர்கள். காலை என்றால் ஏழரை முதல் ஒன்பதரை வரை, மாலை என்றால் ஆறுக்கு மேல். இந்த இரண்டு நேரத்துக்கும் இரண்டு வெவ்வேறு பூங்காக்கள் உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றை மற்றதன் நேரத்தில் போய்ப் பார்த்தவர்கள்தான் 'அங்கே ஒன்றுமில்லை' என்று வந்து சொல்கிறார்கள்.

காலைக்கு உரியது, மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம். எல்லோரும் 'ஃபிரிம்' என்றுதான் சொல்வார்கள். உங்கள் வீட்டிலிருந்து காரில் சிறிது நேரம்தான். உள்ளே நுழைந்தால் இது ஆதிகாலக் காடு என்று தோன்றும். உண்மையில் மனிதர் நட்டு வளர்த்த காடு. 1929இல் இந்தக் கழகம் இங்கே வந்தபோது, ஈயம் தோண்டிச் சிதைந்த நிலமும் காய்கறிப் பாத்திகளும்தான் இருந்தன. அந்தக் கட்டாந்தரையில் ஒவ்வொரு கன்றாக நட்டு உண்டாக்கியதற்காகத்தான் 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. நம் தாத்தாக்கள் காலத்தில் ஈயக்குட்டையாகக் கிடந்த மண் இன்று ஐந்து மாடி உயரத்துக்கும் மேலே வளர்ந்து நிற்கிறது என்றால், தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கே மலைப்பாக இருக்கிறது.

அங்கே உங்கள் அம்மாவுக்குக் காட்ட வேண்டியது 'காப்பூர்' மரங்கள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு மரத்தின் தலை அடுத்த மரத்தைத் தொடாமல், இடையில் ஆற்றின் கிளைகளைப் போல வானம் ஓடுவது தெரியும். ஒன்றுக்கொன்று கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பதைப் போலிருக்கும். காற்றில் கிளைகள் உரசி நுனிகள் ஒடிவதால்தான் இப்படி என்று நெடுநாள் நம்பினார்கள். 1970களில் இதே வளாகத்தில் ஆராய்ந்தபோது உரசலுக்கான அடையாளம் கிடைக்கவில்லை. வளரும் நுனிகள் வெளிச்சத்தின் அளவை உணர்ந்து தாமே நின்றுவிடுவதாகக் கருதினார்கள். பையனிடம் கீழே விழுந்து கிடக்கும் இலை ஒன்றைக் கசக்கி முகரச் சொல்லுங்கள். பாட்டி உடனே 'பூசை அறை வாசம்' என்பார். அந்த மூக்கு பொய் சொல்லாது: பொங்கலிலும் தீர்த்தத்திலும் நாம் சேர்க்கும் பச்சைக் கற்பூரம் முற்காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் வந்தது. கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸ் கரையில், ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழுவினர் 1088இல் கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். கெப்போங்கில் நடக்கப் போன இடத்தில் சோழர் காலம் காலில் தட்டுப்படுகிறது, பாருங்கள்.

நுழைவாயிலை ஒட்டிய பகுதிகள் பெரும்பாலும் சமதளம். உள்ளே போகப் போக மேடு. முழங்கால் வலிக்காரர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் மூட்டில் பாரம் கூடுவது இறக்கத்தில்தான். போகும்போது ஒன்றும் தெரியாது, திரும்பும்போது தெரியும். ஆகவே அம்மா 'இன்னும் கொஞ்சம் போகலாம்' என்று சொன்னாலும், பாதை மேலே ஏறத் தொடங்கும் இடத்திலேயே திரும்பிவிடுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும். சனிக்கிழமை காலை நீங்கள் எப்படியும் தனியாகத்தானே காரோட்டுகிறீர்கள், அன்றே போய்விடுங்கள்.

மாலைக்கு உரியது கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்கா. நடுவட்டச் சாலை 2ஐ (MRR2) ஒட்டி, ஏறக்குறைய 95 ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் ஏரி. ஏரி அழகுக்காக வெட்டப்பட்டதன்று. கனமழையில் ஆற்றில் பெருகும் நீரை வாங்கித் தேக்கி, நகர மையத்தில் வெள்ளம் ஏறாமல் காக்கும் நீர்த்தேக்கம் அது. அதனால்தான் சுற்றிலும் அவ்வளவு வெட்டவெளி. அதனால்தான் காற்றும் அப்படி வீசுகிறது. காற்று வீசுவதால்தான் பட்டம் விடுகிறவர்கள் இத்தனை பேர் கூடுகிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த கதை. நண்பகலில் போனால் மண்டை காய்ந்துவிடும். ஆறு மணிக்குப் போனால் வானம் முழுக்கப் பட்டம். அங்கேயே வாங்கலாம். உங்கள் பையனுக்கு ஓட இடமும் உண்டு, ஓடக் காரணமும் உண்டு. பட்டத்தை விட்டால் அவன் பின்னால் நீங்கள் ஓட வேண்டியதில்லை, நூல் பார்த்துக்கொள்ளும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். தண்ணீரோரம் மட்டும் அவனைத் தனியே விடாதீர்கள்; தேக்கங்களின் கரை எங்கே திடீரென்று ஆழமாகும் என்று மேலிருந்து தெரியாது.

இடி இடித்தால் உடனே காருக்குப் போய்விடுங்கள். நாம் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று. வெட்டவெளியில் பட்ட நூலோடு நிற்பதைவிட மோசமான இடம் கிடையாது. மரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம். 2024 மே மாதம் நகர மையத்தில் புயல்மழையில் மரம் சாய்ந்து காரில் இருந்த ஒருவர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே காரையும் பெரிய மரத்தடியில் நிறுத்தாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை அநேகமாக நாள்தோறும் வரும். அப்போது காலைப் பூங்காவே பத்திரம்.

டேசா பார்க்சிட்டியின் சென்ட்ரல் பார்க்கைப் பற்றிப் பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வீடமைப்பு நிறுவனம் பராமரிக்கும் இடம் அது. பாதை சமமாக, வெடிப்பில்லாமல் இருக்கும். நடைக்கோலோடு வருபவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: நாய் வளர்ப்பவர்களின் சொர்க்கம் அது. மாநகராட்சிப் பூங்காக்களில் நாய்க்குப் பொதுவாக அனுமதி இல்லை என்பதால் ஊர் நாய்களெல்லாம் மாலையில் அங்கே கூடும். உங்கள் மகனுக்கு நாய் என்றால் உயிர் என்றால் கொண்டாட்டம். அம்மாவுக்குப் பயம் என்றால், கட்டியிருக்கும் நாயே ஆனாலும், ஒரு தடுமாற்றம் போதும் கீழே விழ. வார இறுதியில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் நடைப்பயிற்சியே முடிந்துவிடும். சுற்றியுள்ள கடைகளில் தேநீரின் விலையும் அந்த வட்டாரத்துக்கு ஏற்றபடிதான்.

இனி முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நம் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதை ஒன்று இருக்கும். வெறுங்காலில் நடந்தால் நரம்புக்கு நல்லது என்று பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். இனிப்புநீர் இருக்கும் உங்கள் அம்மா அதில் ஏறவே கூடாது. இந்த நோய் நாளாக ஆகப் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். கல் குத்தினாலும் தெரியாது. என் சித்தப்பா ஒரு பூங்காவில் இப்படித்தான் நடந்தார். உள்ளங்காலில் நெல்மணி அளவு கீறல். அவருக்கு வலிக்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்துச் சித்திதான் விரிப்பில் கறையைப் பார்த்தார். புண் ஆற மூன்று மாதம் ஆனது. எங்கள் தொழிலில் இந்தப் பாதைகளைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதற்காக நாங்களும் போட்டுக்கொண்டே போகிறோம். எனக்கு அதில் மனச்சாட்சி உறுத்தல் உண்டு. மூடிய காலணி, காலுறை, வீடு திரும்பியதும் பாதத்தை விரல் இடுக்கு வரை ஒரு முறை பார்ப்பது. இவை போதும்.

பையனின் பங்குக்கு, குரங்கு. காட்டோரப் பூங்காக்களில் நீளவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சத்தத்தைக் கேட்டாலே வந்துவிடும். முறுக்கை முதுகுப் பைக்குள் வையுங்கள். குரங்கைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வையுங்கள். அதன் மொழியில் பல்லைக் காட்டுவது வேறு பொருள்.

பள்ளி விடுமுறையில் காஞ்சிங் அருவிக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரவாங் சாலையில் ஏழு அடுக்காக விழும் அருவி, அழகுதான். ஆனால் மேலே ஏறப் படிகள் என்பதால் அம்மா கீழேயே தங்க வேண்டியிருக்கும். மலைமேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும்; மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ பொருள்களை அள்ளிக்கொண்டிருக்காமல் கரையேறிவிட வேண்டும். ஒரு பெரியவர் பையனைக் கையில் பிடித்தபடி இருந்தால் மட்டுமே போங்கள். கணவர் விடுப்பு எடுக்கும் நாள் வரை அது காத்திருக்கட்டும்.

அதே விடுப்பு நாளில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் உள்ள ரிம்பா கியாரா பூங்காவுக்கும் ஒரு நடை போய் வரலாம். அந்தப் பச்சை நிலம் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டமாக இருந்தது. 1976இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு தோட்டத் தொழிலாளர்களை 1982இல் அதன் ஓரத்து நீள்வீடுகளில் குடியமர்த்தினார்கள். நிரந்தர வீடு என்ற வாக்குறுதி பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போனது. பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கு 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்று, பூங்கா தப்பியது. அம்மா தோட்டத்தில் பிறந்தவர் என்றால் அங்கே பேச அவருக்கு நிறைய இருக்கும்.

இத்தனையும் வார இறுதிக்கு. மற்ற ஐந்து நாள்? இந்த நாட்டில் 'தாமான்' என்றால் பூங்காவும் அதுதான், வீடமைப்புப் பகுதியும் அதுதான். ஒவ்வொரு வீடமைப்புத் திட்டத்திலும் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது திட்டமிடல் வழிகாட்டி. உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஊஞ்சலும் நான்கு பெஞ்சும் கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள். அங்கே தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்துவிட்டால் அதிர்ஷ்டம்தான். மலாயில் அதற்கு 'பூக்குல் லீமா', ஐந்து மணி மரம் என்று பெயர். பொழுது சாயும்போது இலைகளை மூடிக்கொள்ளும். பையனுக்கு 'வீட்டுக்குக் கிளம்பு' என்று நீங்கள் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை, மரத்தைக் காட்டினால் போதும்.

அம்மாவை அழைத்துப் போகுமுன் ஒரு நாள் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அவர் உட்காராமல் எத்தனை நிமிடம் நடப்பார் என்று வீட்டிலேயே கணக்கெடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் என்றால், அவர் நடை வேகத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒரு பெஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். சாய்மானமும் கைப்பிடியும் உள்ள பெஞ்சாக இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாத பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம், எழுந்திருப்பதுதான் பாடு. கழிவறை எங்கே என்றும், அது திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டு தொங்கினால் அந்தப் பூங்காவை அப்போதே விட்டுவிடுங்கள்.