ஏலமலை ஏறும் பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி: அப்பா 1994-இல் வாங்கிய மகிந்திரா எம்.எம். 540 ஜீப் எங்களிடம் இருக்கிறது. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வாரம் இருமுறை போய் வருகிறது. பெயிண்ட் வெளுத்துவிட்டது, சில இடங்களில் கொப்புளம் கொப்புளமாகத் துரு எழும்பியிருக்கிறது. பட்டறையில் கொடுத்து முழு பெயிண்ட் அடிக்கும் செலவு எனக்குக் கட்டாது. டயருக்குக் காற்றடிக்கும் சிறிய கம்ப்ரஸர் ஒன்று வீட்டில் உண்டு. அதை வைத்து நானே அடிக்க முடியுமா? ராணுவ ஜீப் போலப் பச்சை அடிக்க வேண்டும் என்பது ஆசை. (போடிநாயக்கனூர் வாசகர்)

பதில்: நீங்களே அடிக்கலாம். ஆனால் அந்தக் கம்ப்ரஸரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. மலைப்பாதையில் கல்லும் கிளையும் உரச ஓடும் ஜீப்புக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பு தேவையில்லை. தகட்டைத் துருவிலிருந்து காக்கும் உறுதியான பூச்சும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் நீங்களே சரிசெய்துகொள்ளும் வசதியும்தான் தேவை. அந்த இரண்டையும் ரோலரும் பிரஷும் கொண்டே பெற்றுவிடலாம். உங்கள் உழைப்பில் பெரும்பகுதி பெயிண்டுக்கு முந்தைய வேலைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நாளை மிச்சப்படுத்தினால், இரண்டு மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் மறுபடியும் கொப்புளம் எழும்.

நிறத்தை முதலில் முடிவு செய்துவிடுவோம், ஏனெனில் இதில் சட்டம் குறுக்கிடுகிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான வண்டிகளைத் தவிர வேறு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை நிறம் பூசக்கூடாது என்கிறது. ஆகவே ராணுவப் பச்சை ஆசையை விட்டுவிடுங்கள். வேறு நிறத்துக்கு மாற்ற விரும்பினால், ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியுள்ள நிறம் மாறுவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து, வேலை முடிந்ததும் புதிய நிறத்தைப் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய நிறத்தையே அடித்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. ஜீப்புக்கு அதன் சொந்த நிறமே அழகு என்று நினைப்பவன் நான்.

அடுத்து, துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் துருவின் நுனிதான். இருக்கைகள், தரை விரிப்பு, விளக்குகள், கண்ணாடிகள், பம்பர், படி என்று கழற்றக்கூடிய அனைத்தையும் கழற்றி, ஒவ்வொன்றின் போல்ட்டுகளையும் தனித்தனிப் பையில் இட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பிறகு ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். அது நன்றாகப் பிடிக்காத இடத்தில் தகட்டின் மேல் தடிமனான பழைய பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தும் பசை) இருக்கிறது, அதாவது முன்பு யாரோ ஓட்டையைப் பட்டியால் மூடியிருக்கக்கூடும் என்று கொள்ளலாம். இந்த வகை ஜீப்புகளில் துரு பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: விரிப்புக்கு அடியில் கால் வைக்கும் தரை, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் உட்புறம், மட்கார்டு உடலோடு சேரும் மடிப்பு, விண்ட்ஷீல்டு சட்டத்தில் கண்ணாடி ரப்பருக்கு அடிப்பகுதி, டெயில் கேட்டின் கீழ் மடிப்பு, பாட்டரித் தட்டு. குறுக்குச் சட்டங்களில் சேறு அடைத்துக்கொண்டால், தண்ணீர் வடிய வழியின்றி ஈரம் வாரக்கணக்கில் அங்கேயே தங்கும். நீண்ட ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே அமுங்கினால் அது பெயிண்டர் வேலையைத் தாண்டிவிட்டது. டிங்கரிங் செய்பவரிடம் கொடுத்து, கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்; டீசல் டேங்க் அருகில் என்றால் டேங்கையே இறக்கிவிடுங்கள். ஓட்டையின் மேல் பட்டி வைத்து மூடுவது மட்டும் வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதன் பின்புறம் துரு தொடர்ந்து வேலை செய்யும்.

தேய்ப்பதற்கு முன், பழைய பெயிண்ட் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பார்வைக்குப் படாத ஓரிடத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். நிறம் கரைந்து துணியோடு வந்தால் அது என்.சி. லாக்கர், சுருங்கி எழும்பினால் சிந்தெடிக் எனாமல், எதுவுமே ஆகாவிட்டால் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே வகை. எனாமலின் மேல் என்.சி. பட்டியோ வீரியமான தின்னர் கலந்த பெயிண்டோ பட்டால் கீழே இருப்பது சுருங்கித் தோல் போல எழும்பிவிடும். வீட்டில் செய்பவர்களை அதிகம் அழவைக்கும் தவறு இது. நான் சொல்லப்போகும் எனாமலில் கலப்பது மென்மையான மினரல் டர்பன்டைன் என்பதால், உறுதியாக ஒட்டியிருக்கும் மூன்று வகைப் பழைய பூச்சுகளின் மேலும் அது ஒத்துப்போகும்.

துருப் பிடித்த இடங்களை ஆங்கிள் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டியும், பிறகு 80 எண் உப்புத்தாளாலும், வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து எடுங்கள். கண்ணாடி, முகக்கவசம், கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பழைய வாகனப் பூச்சுகளில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதனால் துரு இல்லாத பகுதிகளைக் காய்ந்த தாளால் தேய்க்காமல், தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேயுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். குழி விழுந்த துருவை வயர் பிரஷ் முழுதாக எடுக்காது. அங்கே பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துரு நீக்கியைத் தடவலாம். அது இரும்பு ஆக்சைடை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். ஆனால் அமிலத்தை அப்படியே விட்டு அதன் மேல் எபாக்சி பிரைமர் அடித்தால் பிரைமர் சரியாக இறுகாது. டப்பாவில் சொன்ன நேரத்துக்குப் பிறகு நிறையத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, ஹேர் டிரையராலாவது முழுக்கக் காய வையுங்கள். வெறும் தகடு ஈரத்தோடு ஒரு மணி நேரம் கிடந்தாலே செம்மை படர்ந்துவிடும். ஆகவே முழு வண்டியையும் ஒரே நாளில் தேய்த்துப் போடாதீர்கள். காலையில் தேய்த்த பகுதிக்கு அன்று மாலைக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும் என்ற கணக்கில் ஒவ்வொரு பகுதியாக எடுங்கள்.

சேசிஸில் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது, பட்டியும் வேண்டாம். எண் தெளிவாகத் தெரியாவிட்டால் எஃப்.சி.க்கும் பெயர் மாற்றத்துக்கும் போகும்போது பெரும் சிக்கல் வரும். மெல்லிய துணியால் துடைத்து, எழுத்து நிரம்பாத அளவு மெல்லிய ஒரு கோட் போதும்.

பிரைமர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். கடைக்காரர் ரெட் ஆக்சைடை எடுத்து நீட்டுவார். அது மலிவு, ஜன்னல் கம்பிக்குப் போதும். வெறும் தகட்டில் இவ்வளவு ஈரத்தைத் தாங்க வேண்டிய வண்டிக்கு, பிரைமரும் ஹார்ட்னரும் தனித்தனி டப்பாவில் வரும் எபாக்சி பிரைமரே சரி. பிரஷாலேயே பூசலாம். கலவை விகிதத்தை அளந்து கலக்குங்கள், கண் மதிப்பு உதவாது. அதன் ஹார்ட்னர் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் நைட்ரைல் கையுறை கட்டாயம். இரண்டு கோட் போதும். பள்ளங்களுக்குப் பாலியெஸ்டர் பட்டியை இந்த எபாக்சியின் மேல்தான் பார்க்க வேண்டும். தடிமன் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பட்டியை 80, 180, 320 என்று படிப்படியாகத் தேய்த்து, அதன் மேல் மறுபடி ஒரு கோட் எபாக்சி அடித்து மூடுங்கள். தகடுகள் சேரும் இணைப்புகளில் சீம் சீலர் வையுங்கள், ஆனால் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். எபாக்சி புதிதாக இருக்கும்போதே எனாமல் ஏற்றினால் எனாமல் காயாமல் பிசுபிசுக்கும், ஒட்டுதலும் குறையும். ஒரு வாரம் விட்டு, தண்ணீரில் கழுவி, 320 தாளால் மங்கலாகத் தேய்த்த பிறகே மேல்பூச்சு. உங்களுடையது இரும்புத் தகடு என்பதால் இந்த முறை சொல்கிறேன். பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், அவற்றின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை, அதற்கு வேறு பிரைமர்.

கம்ப்ரஸர் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரால் பெயிண்ட் கன்னுக்கு வேண்டிய காற்றை இடைவிடாமல் கொடுக்க முடியாது. அழுத்தம் ஏறி இறங்கும்போது பூச்சு திட்டுத்திட்டாக விழும், குழாயில் வரும் ஈரமும் எண்ணெயும் பூச்சில் குழிகளை உண்டாக்கும். இரண்டாவது காரணமே முக்கியமானது. பட்டறைகளில் இப்போது அடிக்கும் 2கே பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தெளிப்பை மூச்சில் இழுப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சடைப்பை உண்டாக்கும். வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் முகக்கவசத்தோடு, காற்று வெளியேற்றும் அறையில் அடிக்க வேண்டிய பெயிண்ட் அது. கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் அடிப்பதற்கல்ல, பக்கத்து வீட்டிலும் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள். 2கே பூச்சுதான் வேண்டும் என்றால், துரு வேலையும் பிரைமர் வேலையும் வீட்டில் முடித்து, மேல்பூச்சுக்கு மட்டும் ஒரு நல்ல பட்டறைக்குக் கொண்டுபோங்கள். எந்த பிரைமர், எந்த நாளில் அடித்தது என்று பட்டறைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். பட்டறைச் செலவில் கணிசமான பகுதி கூலி என்பதால் அப்போதும் உங்களுக்கு மிச்சமாகும்.

வீட்டிலேயே முடிப்பதானால் நல்ல தரமான சிந்தெடிக் எனாமல் வாங்குங்கள். உள்ளும் புறமும் சேர்த்து சுமார் 15 சதுர மீட்டர் பரப்பு வரும் என்று கொண்டால், மூன்று மெல்லிய கோட்டுக்கு 4 முதல் 5 லிட்டர் தேவைப்படும். எல்லா டப்பாக்களையும் ஒரே பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துகொண்டால், டப்பாவுக்கு டப்பா நிற வேறுபாடு வராது. 4 அங்குல நுண்ணிய ஃபோம் ரோலரால் ஒரு முழம் அகலத்துக்குப் பூசி, உடனே நல்ல மென்மையான பிரஷின் நுனியால், அழுத்தாமல், ஒரே திசையில் வருடிவிடுங்கள். ரோலர் விட்ட குமிழ்கள் அடங்கிவிடும். முதல் கோட்டில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க ஆசைப்பட்டுத் தடிமனாகப் பூசினால் வழியும், மேலே தோல் கட்டி உள்ளே காயாமல் நிற்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒரு நாள் விட்டு, 600 வாட்டர் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, கழுவிக் காயவிடுங்கள். பானட்டைக் கடைசியில் எடுங்கள். அதற்குள் கை பழகியிருக்கும்.

பருவத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் பூசினால் கம்பம் பள்ளத்தாக்கின் தூசி முழுவதும் பூச்சில் வந்து உட்காரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை பிறந்து பங்குனி வரைதான் நல்ல காலம். நேர் வெயிலில் சுடும் தகட்டின் மேல் பூசாதீர்கள். நிழலில், தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காலை பனி உலர்ந்த பின் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். தகட்டின் வெப்பம் பனி படியும் நிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் விதி. கை வைத்தால் ஈரக் குளிர்ச்சியாகத் தோன்றும் தகட்டைத் தொடாமல் விடுவது நல்லது. மாலையில் விளக்குப் போட்டுக்கொண்டு அடித்தால் பூச்சியெல்லாம் பெயிண்டில் ஒட்டும்.

எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எனாமலில் உள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளிவிடும். குவியலுக்குள் அந்த வெப்பம் சேர்ந்தால் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள். மிஞ்சிய டர்பன்டைனைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்ட வேண்டாம். மூடி வைத்தால் கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்ததை மறுபடியும் பிரஷ் கழுவப் பயன்படுத்தலாம்.

எல்லாம் காய்ந்த பிறகு, தரைக்கு அடியிலுள்ள சட்டங்களின் உட்புறத்துக்கு மெழுகு வகை துருத் தடுப்பானைத் துளைகள் வழியே செலுத்துங்கள். தோட்டத்துப் பக்கம் பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் வழக்கம் உண்டு. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மண்ணிலும் சொட்டும், பின்னால் ஒருநாள் பெயிண்ட் அடிக்க நேர்ந்தால் அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. புதிய எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிட்டாலும், உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். ஒரு மாதத்துக்கு மெழுகு பாலிஷ் வேண்டாம், அழுத்தமான தண்ணீர் பீய்ச்சலில் கழுவ வேண்டாம், தரை விரிப்பையும் போட வேண்டாம். மிஞ்சிய பெயிண்டைக் கழுத்துவரை நிரம்பும் சிறு டப்பாவில் இறுக மூடி வையுங்கள். காற்று குறைவாக இருந்தால் தோல் கட்டாது. மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு ஆண்டும் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, கீறல் கண்ட இடத்தில் அன்றைக்கே தேய்த்து, எபாக்சி தொட்டு, காய்ந்தபின் அந்த டப்பாவிலிருந்து ஒரு பிரஷ் வைத்துவிடுங்கள்.