மாமியார் வீட்டுக் காமாட்சி விளக்கு

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கணவர் இங்கேயே, சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். மாமியாருக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வரும். ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் அவர் ஒரு வாய் சாப்பிட மாட்டார்.

அந்த விளக்குதான் பிரச்சினை. சாண் உயரம்கூட இல்லாத காமாட்சி விளக்கு. அம்மன் முகம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. தண்டும் அகலும் சேரும் இடத்தில் விரிசல். எண்ணெய் கசிவதால் கீழே ஒரு சாசர் வைத்திருக்கிறார். புரட்டாசிக்கு முன்னால் கடையில் வாங்கிய பாட்டில் பாலிஷ் போட்டுத் தேய்க்கிறார். "ட்ரூரோ கப்பலில் வந்தது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். விரிசல் விட்ட விளக்கை ஏற்றக் கூடாது என்று ஊரில் என் அம்மா சொல்கிறார். அடுத்த முறை போகும்போது நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வாங்கி வருகிறேன், இதை எடுத்து உள்ளே வைத்துவிடலாம் என்றேன். மாமியார் பதில் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

நாச்சியார்கோவில் விளக்கை வாங்கி வாருங்கள், அதில் தப்பே இல்லை. பழையதை உள்ளே வைக்கிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வலதுகால் எடுத்து வைத்தீர்களே, அன்று உங்களை ஏற்றச் சொன்னது எந்த விளக்கை? அநேகமாக இதைத்தான். உங்கள் மாமியாரையும் அவருடைய மாமியார் இதைத்தான் ஏற்றச் சொல்லியிருப்பார். அதை எடுத்து அலமாரிக்குள் வைக்கலாம் என்று இரண்டு வருடத்து மருமகள் சொன்னால் அந்த அம்மாள் என்ன பதில் சொல்வார்?

கப்பல் கதைக்கு வருகிறேன். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராசிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த முதல் கப்பல் ட்ரூரோ. அதில் வந்தவர்கள் 342 பேர். இன்று சாட்ஸ்வொர்த்தில் கதவைத் தட்டினால் வீட்டுக்கு ஒரு கொள்ளுப்பாட்டி ட்ரூரோவில் வந்தவராக இருக்கிறார். அத்தனை பேர் ஏறியிருந்தால் அது மதராஸ் துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும். 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள், கப்பல்கள் எத்தனையோ. முதல் கப்பலின் பெயர்தான் எல்லோர் வாயிலும் நின்றது. இதற்காக மாமியாரோடு வாதாடாதீர்கள்.

ஆனால் விளக்கின் வயதை வேறு வழியில் ஓரளவு கணக்குப் போடலாம். தென்னாப்பிரிக்கா நம்மவர்களை நடத்திய விதத்தைக் கண்டித்து 1946இல் இந்தியா இந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது. அந்தத் தடை 1993 வரை நீடித்தது. இடையில் உள்ள 47 வருடமும் இந்தியாவிலிருந்து ஒரு பித்தளை விளக்குகூட நேர்வழியில் இங்கே இறங்கியிருக்க முடியாது. சுற்றுவழியில் வந்தது ஏதாவது இருந்தால் உண்டு. அதனால் மாமியாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவர் மருமகளாக வந்தபோது இந்த விளக்கு ஏற்கெனவே தேய்ந்திருந்ததா? ஆமாம் என்றால், இது பெரும்பாலும் 1946க்கு முந்தையது.

கப்பலில் வராமல், டர்பன் கிரே தெருவில் ஏதோ ஒரு குஜராத்திக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். இருந்தால் என்ன? ஒப்பந்தக் கூலியாக வந்த ஆணுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். பெண்ணுக்கு இதில் பாதிதான். கரும்புத் தோட்டத்தில் அந்தச் சம்பளத்துக்கு வெட்டிச் சுமந்த ஒரு பெண் மிச்சம் பிடித்து இதை வாங்கியிருந்தால், என்னைக் கேட்டால் கப்பல் கதையைவிட அதுதான் பெரிய கதை. அப்புறம் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்து, 1960களில் டர்பனின் மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் பகுதிகளில் இருந்த நம்மவர்களையெல்லாம் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்த லாரிகளில் கட்டில் பீரோவோடு விளக்கும் ஏறித்தான் வந்திருக்கும்.

சரி, விரிசல். உங்கள் அம்மா சொல்வது நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் கோவிலிலேயே சிதைந்ததைச் சரிசெய்து மறுபடி பூசைக்குக் கொண்டுவர ஜீர்ணோத்தாரணம் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வீட்டு விளக்குக்கு அவ்வளவுகூட வேண்டாம், பற்றவைத்தால் போதும். கும்பகோணத்தில் இருந்தால் ஒரு பத்தரிடம் கொடுத்துவிட்டு வரலாம். இங்கே யாரிடம் போவது? ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரிடம் போங்கள். சிரிக்காதீர்கள். செம்புக் குழாய்களை வெள்ளி கலந்த பற்றுக்கம்பியால் ஒட்டுவது அவர்களுக்கு அன்றாட வேலை. அந்தப் பற்று உருகுவதற்கு 600 டிகிரிக்கு மேல் வேண்டும். ரேடியோ ரிப்பேருக்குப் போடுகிற ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும். எண்ணெய் வற்றித் திரி அடிவரை எரிந்தால் அந்த ஒட்டு நிற்காது. கடையில் விற்கிற பசையும் அப்படித்தான், கருகிப்போகும். கொடுப்பதற்கு முன் விளக்கைச் சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுங்கள். பிசுக்கு இருந்தால் பற்று ஒட்டாது. பழைய பித்தளை மெல்லிசாக இருக்கும், தீயை நிதானமாகக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குப் பெரிய வேலை இல்லை.

அந்தப் பாட்டில் பாலிஷைத்தான் நான் முதலில் நிறுத்துவேன். பித்தளை பாலிஷ்களில் பலவற்றில் அமோனியா கலந்திருக்கும். பித்தளைக்கு அது ஆகாது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. சுடவும் இல்லை, கீழே போடவும் இல்லை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவானது. அமோனியா, ஈரம், அடித்தும் வளைத்தும் செய்ததால் உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். டர்பனில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட விளக்கில் அதைத் தேய்ப்பானேன்?

புளி போதும். புளிக்கரைசலைத் தடவி, சில நிமிடம் விட்டு, துணியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைந்து, அங்கங்கே செம்பு தெரிந்து ரோஸ் திட்டு விழும். பளபளப்பு சீக்கிரம் மங்குகிறதே என்று கவலைப்படாதீர்கள், கடல் காற்றில் உப்பு இருக்கிறது, மங்கத்தான் செய்யும். அம்மன் முகத்தில் மட்டும் நார் படவே வேண்டாம், துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு பக்கமும் யானை மாதிரி ஏதாவது கைக்குத் தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். காமாட்சி விளக்குகள் பலவற்றில் உட்கார்ந்திருப்பது கஜலட்சுமிதான்.

புது விளக்கைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது, நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர். காவிரி வண்டலில் அச்சு எடுத்து, வார்த்து, கடைந்து, பாதம், தண்டு, தட்டு, கொண்டை என்று தனித்தனியாகச் செய்து திருகிச் சேர்ப்பது. அதனால் கழற்றிப் பெட்டியில் போட்டு வந்துவிடலாம். மரைகளில் மட்டும் துணி சுற்றிவிடுங்கள், மரை நசுங்கினால் பிறகு தண்டு நேராக நிற்காது. கொண்டுவந்ததும் எங்கே வைப்பது என்று மாமியாரையே கேளுங்கள். தரையில் குத்துவிளக்கு, மாடத்தில் காமாட்சி விளக்கு. நம் ஊரில் இரண்டும் ஒரே பூசையறையில் எத்தனை வீட்டில் இருக்கிறது!

கப்பல் விஷயத்தை நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை என்றால், கணவர் வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் கல்யாணப் பதிவிலும் சில சமயம் அது இருக்கும். அந்த எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் பார்க்கலாம். ஊர்ப் பெயரைத்தான் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிக் குதறியிருப்பார்கள். படிக்க முடியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், வடஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களாக இருந்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்